அம்மனிடம் பூக் கேட்ட லட்சணம்

எனக்குத் திருட்டுத்தனம் சுத்தமாக வராது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் முயன்றேன், அதுவும் மாரியம்மனிடம். பத்துப் பேர் பார்க்க என்னை நானே காட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மேட்டூர் அணை கட்டி முடித்த சமயம். சேலம் கலெக்டர் கச்சேரியில் நான் குமாஸ்தா. கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் மனைவி பாவாயி எடப்பாடியில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அறையில் இருந்தேன். காலை நீட்டிப் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். (சுவரில் ஒரு பல்லி உண்டு. கச்சேரி சமாசாரம் அவ்வளவும் அதற்குத் தெரியும்.)

அப்போதுதான் ஊருக்கு வெளியே சோளக்காட்டை மனை பிரித்துப் புது எக்ஸ்டென்ஷன் போட்டார்கள். அகலமான வீதி, வீட்டுக்கு வீடு கிணறு, சீக்கிரமே கரண்டு வரும் என்ற பேச்சு. மொத்தம் ஆறு வீடுகள்தான். ஒன்று வாடகைக்குக் காலியாக இருக்கிறதென்று கேள்விப்பட்டதும் எடப்பாடிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

"பக்கத்து ஊட்டுல ஆருங்க?" என்றாள் பாவாயி.

"இன்னும் ஆரும் வரலே. வருவாங்க."

"எதுத்த ஊட்டுல?"

"எதுத்தாப்புல சோளக்காடு."

"அப்ப நான் வரலீங்க."

என் மாமனார் எந்த விஷயத்திலும் எந்தப் பக்கமும் சாயாதவர். "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்க மாப்பிள்ளை," என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் செவ்வரளியை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. அப்பீல் கிடையாது.

பொட்டலம் கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளையை வைத்து இறுக்கிக் கட்டினேன். பொட்டலங்களைத் தட்டில் வைத்துப் பாவாயியிடம் கொடுத்துவிட்டு, பெரிய பக்திமான் போலக் கிணற்றடிக்குக் கால் கழுவப் போனேன்.

கோயிலில் மாமனாரும் அவருடைய பங்காளிகளும் கைகட்டி நின்றார்கள். பூசாரி கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு!

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அதெப்படிச் செவப்பு வரும்? ரெண்டுலயும் வெள்ளைதான வெச்சேன்!" என்று கத்திவிட்டேன். (கச்சேரியில் உரக்கத் தும்மக்கூடப் பயப்படுகிறவன் நான்.)

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டாவதையும் பிரித்தார். அதுவும் சிவப்பு. எல்லோரும் பாவாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லா இருக்குதுங்க சாமி! ரெண்டு பேரும் சேந்து ஆத்தா வாயை அடைச்சுப்போட்டீங்களே!" என்றார் பூசாரி.

மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று பதறிப்போனேன். மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பாவாயியே பேச்செடுத்தாள். "நீங்க கச்சேரிக்குப் போயிருவீங்க. அந்தக் காட்டுல நான் ஆருகிட்டங்க பேசறது? அதுக்குத்தான் மாத்தி வெச்சேன்."

"நான் ரெண்டு வருசமாப் பல்லிகிட்டத்தான் பேசறேன்," என்றேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அது வேடிக்கையாக இல்லை.

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பிறகு, "ஆடி போகட்டும், வாரேனுங்க," என்றாள்.

சொன்னபடியே வந்தாள். முதல் வருஷம் சோளக்காட்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள். நான் வருவதைக் கண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், நானும் பார்க்காதது போல இருந்துவிடுவேன். அழைத்துவந்தது தப்போ என்று பல நாள் நினைத்திருக்கிறேன். மெல்ல மெல்ல வீடுகள் வந்தன, அவளுக்குப் பேச ஆளும் வந்தது. எனக்கு மட்டும் வீட்டில் மதிப்பு வரவேயில்லை. ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னால்கூட, "எங்கே, இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டுங்க" என்பார்கள்.

பாவாயி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. சோளக்காடு இருந்த இடத்தில் இப்போது பஸ் நிற்கிறது. மகன் கோயம்புத்தூருக்கு வெளியே ஏதோ ஒரு புது நகரில் வீடு கட்டியிருக்கிறான், வந்துவிடுங்கள் என்கிறான். போவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"பூக் கேட்டுடலாமா தாத்தா? பொட்டலம் மட்டும் நீங்க கட்டக் கூடாது," என்றாள் பேத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நானே கட்டினால்தான் என்ன? கால் கழுவிவிட்டு வருவதற்குள் மாற்றி வைக்க ஆள் இல்லையே.