கொலைகாரன் யார் என்று அறியத் தையற்காரர் படைநடத்திய படலம்

போற்றுவோம் அவரை! கழுத்தில் அளவுநாடாவை வெற்றிமாலையெனத் தரித்தவரும், "நாளைக்கு ரெடி" என்னும் ஒற்றை மந்திரத்தால் வாடிக்கையாளர் பெரும்படைகளைப் புறங்காட்டி ஓடச் செய்தவரும், வலக்காலைத் தையல் இயந்திரத்தின் மிதிபலகைக்கும் இடச்செவியை இயர்போனுக்கும் ஈந்த ஈகையாளருமாகிய கடைத்தெருத் தையற்காரரைப் போற்றுவோம்! அவர் பொருட்டு ஊசிகள் ஒளிர்க, பாபின்கள் சுழல்க, கேட்போர் கொட்டாவியை அடக்குக.

அவர் வேட்டது நாடல்ல, நகரல்ல. தன் இரும்புப் பெட்டகத்துக்குள்ளேயே பிணமாகக் கிடந்த நகைக்கடை முதலாளியைக் கொன்றவன் யார் என்ற ஒரே ஒரு விடை. அந்த விடை இருந்ததோ, பொது நூலகம் கைப்பேசிக்குக் கடனாக அனுப்பும் ஒலிநூல் ஒன்றில். காற்றில் வரும் குரல்தானே, கடைத்தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் கேட்டால் தேய்ந்தா போய்விடும் என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் கேட்டார். ஆனால் கறுப்புக் கோட்டு முனிவர்கள் குளிரூட்டிய குகைகளில் நெடுந்தவம் இருந்து இயற்றிய உரிமச் சாசனமோ, அச்சிட்ட நூலுக்குத்தான் நூலகம் சொந்தக்காரி, ஒலிநூலுக்கு அவள் வெறும் வாடகைக்குடி என்றும், ஒருவர் காதில் அது இருக்கையில் மற்றவர் காதில் நுழையலாகாது என்றும் முழங்கிற்று. மீதிப் பிரிவுகளைப் படித்த மானுடர் எவருமிலர்.

இனிப் பகைவனைக் காண்க. எதிர்க்கடையில் சாவி வெட்டுபவர். தையற்காரரின் மனைவியோடு உடன்பிறந்தவர், ஆகவே மச்சான். ஊரிலுள்ள பூட்டுகள் அனைத்தும் அவருக்கு அடங்கும், அவர் வாய் ஒன்று தவிர. எக்கதையின் முடிவு அவர் காதில் விழுந்தாலும், அடுத்த நொடியே சாலைக்கு நடுவில் நின்று அதை அறிவிப்பார். முன்பு இரண்டு கதைகளில் இப்படிக் கொலைகாரர்களைப் பறிகொடுத்த தையற்காரர், மச்சானும் அதே ஒலிநூலுக்கு நூலக வரிசையில் முறை போட எண்ணுகிறார் என்று கேள்வியுற்ற அன்றே அவரை முந்திக்கொண்டு படைதிரட்டினார்.

என்னே அந்தப் படை! முன்னணியில் தம் நூலக அட்டை. வலப்புறம் மனைவியின் அட்டை. இடப்புறம் மகள்கள் இருவரின் அட்டைகள். பின்னணியில் மலையென மாமனாரின் அட்டை. வரிசையில் இவை ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுக்க, கடைசியில் தனியனாய் நின்றார் மச்சான். சீருடை தைக்கும் பருவமாதலால், இயந்திரம் கர்ச்சிக்க, கதை கேட்பதும் பாதியில் கண்ணயர்வதும் மறுபடி பின்னோக்கி ஓட்டுவதுமாக ஒரு கடன் கெடு முடியும். உடனே அடுத்த அட்டை களமிறங்கும்.

"என் அட்டையில ஒரு சமையல் புத்தகம் எடுக்க முடியல, எப்பப் பாரு பொணம்" என்று மனைவி மொழிந்ததை வீரர் செவிமடுத்தாரில்லை. செவியில் இயர்போன் இருந்தது.

இவ்வாறு இளைய மகளின் அட்டை வரை போர் வெற்றியே கண்டது. இறுதி அத்தியாயம். துப்பறிவாளர் அனைவரையும் கூடத்தில் அமரவைத்து, கதவைத் தாழிட்டு, தொண்டையைச் செருமி, "அந்தப் பெட்டகத்துக்கு இன்னொரு சாவி இருந்தது..." என்றார். கெடு முடிந்தது. குரல் அற்றது. தையற்காரர் புன்னகைத்தார், மாமனார் இருக்கப் பயமேன்? அட்டை எண்ணை அழுத்தினார். திரையில் எழுந்தது பேரிடி: இந்நூல் இப்போது இந்நூலகத்தில் இல்லை.

கடல் வற்றினாற்போலத் திகைத்த வீரர், ஊசி குத்திய சட்டைக் கையோடு நூலகத்துள் பாய்ந்தார். முறை வராத கோபத்தில் மச்சானும் அங்கே முன்னமே நின்றிருந்தார்.

"உரிமம் தீர்ந்துபோச்சுங்க," என்றார் நூலகர். "இத்தனை தடவைதான் கடன் கொடுக்கலாம்னு பதிப்பகம் எண்ணி வச்சிருக்கு. பாதி கேட்டுத் திருப்பினாலும் ஒரு தடவைதான். மறுபடி முழு விலை கொடுத்து வாங்கணும். அதைத் தளர்த்த ஒரு சட்டம் வரும் வரும்னாங்க, இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

"நான் தைச்ச சட்டையை எத்தனை தடவை போட்டாலும் மாயமாவா போகுது மேடம்?"

"அப்படி மாயமாப் போற சட்டை தைக்கத் தெரிஞ்சிருந்தா நீங்க ஏன் இங்க வந்து நிக்கறீங்க?"

வணிகத் தெருவில் வளர்ந்த நா சும்மா இருக்குமா? பேரத்துக்குத் தாவிற்று. "ஒரே ஒரு அத்தியாயம் மேடம், சில்லறையா கொடுங்க. மாமனார் அட்டையில முறைகூடப் பாக்கி இருக்கு."

அவ்வளவில் நாவைக் கடித்தார். வில்லினின்று அம்பு போய்விட்டிருந்தது.

மச்சான் மெல்லத் திரும்பினார். "எங்கப்பா பேர்லயா மச்சான்? அவருக்குத்தான் காதே கேக்காதே."

வரிசையில் தமக்கு முன்னே நின்ற அட்டைகள் யாவும் மச்சானுக்கு அக்கணமே விளங்கின. தாம் அரணென எழுப்பிய அதே அட்டைகள்தாம் ஒவ்வொரு கடனாக ஒலிநூலின் உயிரைக் குடித்தன என்பது தையற்காரருக்கும் விளங்கிற்று. மாற்றானை வெல்ல எறிந்த வேல் தம் காலிலேயே பாய்ந்த வீரரைப் போல அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அதே கதை புத்தகமா பின்னாடி அலமாரியில இருக்கே," என்றார் நூலகர், இரக்கம் கொண்டு. "பல வருஷமா இருக்கு. அதை யார் எத்தனை தடவை எடுத்தாலும் எந்த வக்கீலும் கேக்க மாட்டாரு."

ஆனால் சீருடைகள் மலையெனக் குவிந்திருக்கக் கைகளுக்கு ஏது ஓய்வு? ஓய்வுள்ள கைகளும், உரக்கப் படிக்கும் தொண்டையும், கடன் ஏதுமில்லாத தூய அட்டையும் அந்தத் தெருவில் ஒருவருக்கே இருந்தன. மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்த தையற்காரர், பகைவனின் முன் தலைதாழ்த்தி உடன்படிக்கை கோரினார்: "மச்சான், நீதான் படிச்சுக் காட்டணும். உன் சட்டைக்கெல்லாம் நான் கூலியே வாங்க மாட்டேன்."

மச்சான் இசைந்தார். தையற்கடையில் முக்காலி இடப்பட்டது, கத்தரிக்கோல்கள் மௌனம் காத்தன, மிதிபலகையும் மூச்சடக்கிற்று, பெட்டகத்தின் இன்னொரு சாவி யாரிடம் இருந்தது என்று அறிய அண்டசராசரமும் காது தீட்டி நிற்க, மச்சான் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, நூலை விரித்தார்.

"நான்தான் இன்னும் கதையே கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.