கலெக்டரின் கம்ப்யூட்டருக்கு அமாவாசை லீவு

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் முதலாளி சொல்லி நடக்காத காரியம் கிடையாது, எதிர்த்துப் பேசிய ஆளும் கிடையாது, கலெக்டர் வேலைக்கு வரும்வரை.

நிஜக் கலெக்டர் இல்லை. எங்கள் பட்டுக்கடையில் புடவைப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, ஒரு மாதம் பார்ப்போம் என்று சேர்த்த பெண். முப்பது வயது. டவுன் சிண்ட்ரோம். இரண்டு கடைகள் முகத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பியிருந்தன. இதுவும் போனால் இன்னொரு இடம் தேட வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. ஆனால் பேச்சு நிதானம், அதிகாரம் தாராளம். இரண்டாம் நாளே பெயர் விழுந்துவிட்டது. கலெக்டர் என்றான பிறகு ‘அவர்’ என்றுதானே எழுத வேண்டும்?

அவருக்கென்று தனி மென்பொருள். திரையில் எழுத்துக் கூட்டம் கிடையாது, நான்கே பெரிய படங்கள். நிறத்தைத் தொட்டால் பெயர் சொல்லும். சேமிக்கும் முன் இனிமையாக, “இன்னொரு தடவை பார்க்கலாமா?” என்று கேட்கும். நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ அழுத்துகிற ரகம். கலெக்டர் நிஜமாகவே பார்ப்பார்.

ஒருநாள் நான் மெரூன் என்று சீட்டு ஒட்டிய புடவையை நீட்டினார்.

“அண்ணா, இன்னொரு தடவை பாக்கலாமா?”

“மெரூன்தாம்மா.”

“வெளிய வா.”

வாசல் வெயிலில் விரித்தார். சுத்தமான அரக்குச் சிவப்பு! பதினைந்து வருஷ அனுபவசாலி நான். எதிரே பூக்காரம்மா சிரித்தது தனிக்கதை.

அவர் வீட்டில் இரண்டு தறி. தறிக்குள்ள மரியாதை முழுக்க கம்ப்யூட்டருக்கும் உண்டு. காலையில் தொட்டுக் கும்பிடுவார். மேஜையில் டீ டம்ளர் வைத்தால் நான் தொலைந்தேன்.

மாதக் கடைசியில் முதலாளி நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. காலண்டரைப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கலெக்டர் வந்தார், உட்கார்ந்தார், கையைக் கட்டிக்கொண்டார்.

“ஏம்மா, சும்மா ஒக்காந்துக்கினு இருக்க?” என்றார் முதலாளி.

“இன்னிக்கி அமாவாசை சார். தறி ஓட்டக் கூடாது.”

“இது கம்ப்யூட்டர்மா!”

“எனுக்கு இதான் தறி.”

கிடைத்த வேலையும் போய்விடுமே! “நான் போட்டுக் காட்டறேன் சார்” என்று மவுஸைத் தொட்டேன். கலெக்டர் என் கையைத் தட்டிவிட்டார்.

முதலாளியும் நெசவாளி வீட்டுப் பிள்ளைதான். அவர் அப்பா அமாவாசையன்று தறிக்குழியில் கால் வைத்ததில்லை. “நாளைக்கி பாக்கறேன்” என்று நகர்ந்தார். கடைச் சரித்திரத்தில் முதல் பின்வாங்கல்!

மறுநாள் முதலாளி ஒரு கட்டுப் புடவையைக் கொண்டுவந்து போட்டு, பின்னால் நின்றுகொண்டு, “பச்சையைத் தொடும்மா” என்று ஆரம்பித்தார்.

“கொஞ்சம் சும்மா இருங்க சார். பாத்துக்கினு இருக்கேன் இல்ல?”

கட்டு தீர்ந்தது. ஒரு பிழை இல்லை. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது, தட்டியும்விட்டேன்.

“இனிமே நீ நம்ம கடை ஆளும்மா” என்றார் முதலாளி.

கடைப் பெயர் போட்ட அடையாள அட்டை வந்த அன்று, மாட்டிவிடச் சொல்லி கலெக்டர் என் முன் தலையைக் குனிந்தார். மாட்டிவிட்டேன். அவரோடு ஒரே அறையில் வேலை பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.