எல்லாவற்றுக்கும் நாலு போட மறுத்த பூட்டு சார்

தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர் என்று சல்லடை போட்டுச் சலித்தாலும் பூட்டு சாரைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடைக்க மாட்டார். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கதவைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். அவர் நாலு தடவை இழுப்பார். நாலாவது தடவை நிலையில் காலை முட்டுக் கொடுத்து இழுப்பார். ஒரு நாள் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அதை ஆபீசுக்கே எடுத்து வந்தார். "பாத்தீங்களா சார், திருடனுக்கு முன்னாடி நான் கண்டுபுடிச்சிட்டேன்" என்று மேஜை மேஜையாகக் காட்டினார்.

ஆனால் தன் ஸ்கூட்டரில் மட்டும் சாவியை அப்படியே விட்டுவிட்டு வருவார். கேட்டால், "போனா போவுது சார், ஷேர் ஆட்டோ கீது" என்பார். ஒரு முறை போகவும் போனது. எடுத்தவன் தெருமுனை வரை தள்ளிப் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய் அங்கேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. தாம்பரம் சானடோரியம் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி ஒரு மூன்றாம் மாடியில் எங்கள் கம்பெனி. பதினோரு பேர், நான் டீம் லீடர். ஒரு கம்ப்யூட்டர் அமைப்புக்குள் விஷமிகள் எந்த வழியாக நுழையலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று பட்டியல் போடும் மென்பொருள் எங்களுடையது. ஒவ்வொரு தடுப்புக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒன்று முதல் நாலு வரை எண் போட வேண்டும். ஒன்று என்றால் "பண்ணிட்டோம்" என்று வாயால் சொன்னாலே போதும். நாலு என்றால் நாமே உடைத்துப் பார்த்து, உடையவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் பட்டியல் எங்களிடம் வந்தது. திங்கட்கிழமை அவர்கள் ஆள் நேரில் வருவதாக ஏற்பாடு. அவருக்குத் திருப்தி இல்லையென்றால் தாம்பரம் ஆபீசை மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

நான் என்ன செய்தேன்? எல்லாக் கட்டத்திலும் நாலு போட்டேன். பெரிய நம்பர் வாங்கினால்தான் வீட்டுக்குள் நுழையலாம் என்று வளர்ந்த ஜென்மம் நான். ஒன்று, இரண்டு எல்லாம் ஃபெயில் மார்க் போலக் கண்ணை உறுத்தின. சோதித்தாயிற்று என்று வரிசையாக டிக் அடித்து, சோதித்தவர் என்ற இடத்தில் பூட்டு சாரின் பெயரையும் போட்டேன்.

வியாழக்கிழமை அவர் வந்து நின்றார்.

"எம் பேரை எடுத்துடுங்க சார்."

"ஏன்?"

"இது மார்க்கு இல்ல. எவ்ளோ சந்தேகப்படணும்னு அளவு. அத்தனையும் உடைச்சுப் பாத்தோமா நாம?"

"அதுக்கு டைம் எங்க இருக்கு? பதினோரு பேர் வீட்ல உலை வைக்கணும்."

"அதுல என் வூடும் ஒண்ணு சார். பேரை எடுங்க."

கத்தினேன். சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினேன். மனிதர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணொண்ணா படிங்க."

கேன்டீன் மெனுவை வெளியாள் மாற்றாமல் தடுப்பது என்று படித்தேன்.

"மாத்துனா இன்னா ஆவும்?"

"தப்பான மெனு வரும்."

"இட்லின்னு நம்பிப் போய் உப்புமா துன்னுவான். பேஜார்தான். சாவ மாட்டான். ஒண்ணு போடுங்க."

அந்த ஊரில் ஏது இட்லி என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் என் அழகான நாலுகள் எல்லாம் சரிந்து, மூன்றே மூன்று மிஞ்சின. அதில் ஒன்று, நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் பம்ப்பின் அளவை யாரும் மாற்ற முடியாமல் தடுப்பது.

சோதித்துப் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரி ஒரு மாதிரி அமைப்பைக் கொடுத்திருந்தது. சனிக்கிழமை முழுக்க பூட்டு சார் அதை முட்டிப் பார்த்தார். ஞாயிறு சர்ச் முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேராக ஆபீசுக்கு வந்தார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கான திரையில் உட்கார்ந்தபடியே பம்ப்பின் அளவைப் பத்து மடங்கு ஏற்றியிருந்தார். பாஸ்வேர்டு கூடக் கேட்கவில்லை.

இந்த முறை அவர் மேஜை மேஜையாகப் போகவில்லை. "யாருக்கோ ஊசி போட்டுட்ட மாதிரி கீது சார்" என்று எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

திங்கட்கிழமை வந்த அம்மாளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் ஊருக்குப் போன் போட்டு, ரிசப்ஷனுக்கும் பம்ப்புக்கும் உள்ள இணைப்பை உடனே துண்டிக்கச் சொன்னார். பிறகு பம்ப் வரியில், சோதித்தவர் என்று இந்த முறை பூட்டு சாரே போட்டிருந்த பெயரை விரலால் தொட்டு, யார் இவர் என்று கேட்டார். பூட்டு சார் எழுந்து நின்றார். எங்கள் ஆபீசை யாரும் மூடவில்லை.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

பல வருஷம் கழித்து, குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மனைவி படுத்திருந்தாள். தலைமாட்டில் அதே மாதிரி ஒரு பம்ப், பச்சை விளக்கு எரிய, அவள் கைக்குள் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தது. நான் சாமி படத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது செய்யப்பட்ட ஏதோ ஒரு ஆபீசில், என்னைப் போல ஒரு டீம் லீடர் கத்தக் கத்த, எங்கள் பூட்டு சாரைப் போல ஒருத்தர் தன் பெயரைப் போட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.