கிளாக்கருக்கு ஒரு தட்டி

சம்பள உயர்வு வேண்டாம் என்று சொன்ன கிளாக்கர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தட்டியண்ணை. இன்னொருவரைக் காட்டினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. சாவகச்சேரியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் நான் புதுக் கிளாக்கர். அங்கே ஒருவருடைய சம்பளத்தை அறிய அவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். மனேச்சருக்கு நாலு சுவரும் பூட்டுப் போட்ட கதவும். கணக்காளருக்கு இடுப்பளவு பலகை மறைப்பு. கிளாக்கர்மாருக்கு ஒன்றுமில்லை, நான் தும்மினால் பக்கத்து மேசைக்காரர் முகம் துடைப்பார்.

எங்களில் மூத்தவர் அண்ணை. சம்பளம் கூட்டப் போவதாக மனேச்சர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“கூட்டுற காசு வேண்டாம் ஐயா. என்ரை மேசையைச் சுத்திக் கிடுகுத் தட்டி கட்டித் தாங்கோ.”

“உமக்கென்ன விசரே? கிளாக்கருக்கு ஆர் தட்டி கட்டினது?”

கணக்காளர் பாய்ந்து வந்தார். “உவருக்குத் தட்டியெண்டால் எனக்குக் கூரை வரைக்கும் சுவர் எழுப்புங்கோ!”

கந்தோர் இரண்டுபட்டது. கடைசியில் சங்கத்துக்குக் காசு மிச்சம் என்று மனேச்சர் இறங்கி வந்தார். தென்னோலை பின்னிய ஆளுயரத் தட்டி வந்தது. அதோடு பட்டப் பெயரும் வந்தது. வெளியே நின்று இருமாமல் உள்ளே போனால் அண்ணை உருவெடுத்து ஆடுவார். உள்ளே நித்திரை கொள்கிறார் என்றார் ஒருவர். இல்லை, கலியாணத் தரகு பார்க்கிறார் என்றார் இன்னொருவர்.

ஹெலிகொப்டர் நினைத்த நேரம் வந்து சுடுகிற யுத்த காலம் அது. இரைச்சல் கேட்டால் பாதிச் சோற்றில் எழும்பி ஓடி, முற்றத்தில் வெட்டிய பங்கர் குழிக்குள் விழுவோம். அண்ணை மட்டும் தட்டியை விட்டு வரமாட்டார். துணிந்த மனுசன் என்று கணக்காளரே ஒத்துக்கொண்டார். எனக்கோ அவரை நினைத்துத்தான் பயம். கிடுகு எந்தத் துப்பாக்கிச் சன்னத்தைத் தடுக்கும்?

ஒருநாள் பொறுக்க முடியாமல் பங்கர் வாசலிலிருந்து திரும்பி ஓடினேன். இருமவில்லை. அண்ணை மேசைக்குக் கீழே காதிரண்டையும் பொத்திக்கொண்டு, மேசையே ஆட நடுங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

“வெளியாலை போ தம்பி. சனத்துக்கு முன்னாலை என்னாலை இப்பிடி நடுங்கேலாது. அதுக்குத்தான் உந்தத் தட்டி.”

“பங்கருக்கை வாங்கோ அண்ணை, செத்துப் போவியள்!”

“அங்கை எல்லாரும் முட்டிக்கொண்டெல்லோ இருக்கிறியள்?”

அன்று ஹெலி வயல் பக்கம் திரும்பிப் போனதால் தப்பினோம். மறுநாள் மனேச்சரிடம், “தட்டியில்லாத இடத்துக்கு அண்ணை வரமாட்டாராம்” என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“உவர் பங்கருக்கையும் எடுப்புக் காட்டுறாரோ?” என்றார் கணக்காளர். ஆனாலும் தட்டியில் ஒரு துண்டை வெட்டித் தூக்கிவந்து பங்கரின் மூலையை மறைத்துக் கட்டியவர் அவர்தான்.

அடுத்தமுறை அண்ணை வந்தார். தலையை நிமிர்த்தியபடி எங்களைத் தாண்டி மூலைக்குள் மறைந்தார். ஹெலி தலைக்கு மேலேயே நின்றது. மண் கொட்டியது. தட்டிக்கு வெளியே யாரோ இருமினார்கள். பார்த்தால் நாலு சுவருக்குச் சொந்தக்காரரான மனேச்சர்.

“அண்ணை, உள்ளை கொஞ்சம் இடமிருக்கோ?”

“வாங்கோ ஐயா. இங்கை ஒருத்தரும் பாக்க மாட்டினம்.”

பிறகு நானும் இருமினேன். அண்ணை ஒதுங்கி இடம் தந்தார்.

பின்னாளில் எனக்கும் கதவு போட்ட அறை கிடைத்தது. ஆனால் பயம் வந்தால் இன்றைக்கும் அந்தத் தட்டிக்குப் பின்னால், அண்ணைக்குப் பக்கத்தில்தான் போய் இருக்கவேண்டும் போலிருக்கிறது.