நம் ஊர்க் கடல் நீலமில்லை, அக்கா

ஆர்ட்வெக்,
செப்டம்பர் மாதம், மழை விட்ட ஒரு மாலை.

பேரன்புக்குரிய எஃபி அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி ஆர்ச்சிபால்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் அருளாலும் ஓட்ஸ் கஞ்சியின் உதவியாலும் இங்கு நானும் என் வீட்டுக்காரி ரோனாவும் சுகம். கனடாவில் தாங்களும் அத்தானும், தனியாக விசாரிக்க வேண்டிய அத்தானின் முழங்காலும் சுகமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். தங்களிடம் ஒரு சாட்சியம் கேட்டே இதை எழுதுகிறேன். நம் ஊர்க் கடல் நீலம் இல்லை என்று தாங்கள் ஊர்க் கமிட்டிக்கு நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

விஷயம் இதுதான். குடும்பத்துக்குக் குடும்பம் இருப்பதுபோல ஆர்ட்வெக்குக்கென்றும் சொந்தமாக ஒரு டார்டன் கட்டம் போட்ட கம்பளித் துணி வேண்டும், அதை எடின்பரோவில் பதிவு செய்ய வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது. நெய்கிறவன் டூகல், பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்து என் மதிய ரொட்டியைத் தின்ற அதே டூகல். நிறங்களை முடிவு செய்கிற பொறுப்பு எனக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? படகுத்துறையில் டிக்கெட் கிழித்த காலமெல்லாம், இறங்கி வருகிற ஆளின் கழுத்துத் துண்டைத் துறையின் மறுகோடியிலிருந்தே பார்த்து, இது இன்ன குடும்பத்துக் கட்டம் என்று சொன்னவன் நான். மலைக்குப் பழுப்பு, மரத்துக்குப் பச்சை, மணலுக்கு ஓர் ஓரக்கோடு என்று எல்லாம் சமாதானமாகவே முடிந்தது. கடலுக்கு வந்தோம், டூகல் நீலம் என்றான், அன்றோடு போயிற்று நிம்மதி.

அக்கா, நீ போன பிறகு இந்தக் கடல் எவ்வளவு அழகாகிவிட்டது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்! கடந்த சில வருஷங்களாகக் காலை நேரமே இங்கே மாலை மாதிரி இருக்கிறது. துறையின் கோடியில் உட்கார்ந்தால் தண்ணீர் பாசிப்பச்சையில் தேனைக் கரைத்து ஊற்றியதுபோல அசைந்துகொண்டிருக்கும். கடற்பறவைகள் பழைய புகைப்படத்திலிருந்து எழுந்து பறப்பதுபோல மெல்லப் பறக்கும். அக்கரைத் தீவு இருக்கிறதா, நான்தான் நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியாது. விளக்கேற்றும் நேரத்தில் துறைமுக விளக்கைச் சுற்றி ஒரு பொன்வட்டம் விழும், தேவாலயத்துச் சன்னலில் புனிதர்களின் தலையைச் சுற்றி இருக்குமே, அதேபோல. வயதானவர்களுக்கு ஆண்டவன் கொடுக்கிற சலுகை என்று நினைத்து, இருட்டும்வரை உட்கார்ந்திருப்பேன். இந்த நிறத்தைத்தான் நெய்யச் சொன்னேன். அது ஒரு குற்றமா?

டூகல் ஒரு நூல்கண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு துறைக்கே வந்துவிட்டான். அவனிடம் நீலத்திலேயே ஒரு பட்டாளம் இருக்கிறது: பழங்காலச் சாயம் என்றால் வெளிறினது, நவீனச் சாயம் என்றால் இருண்டது, வெயில் மழை பட்ட சாயம் என்றால் மண்ணில் புதைத்து எடுத்தது மாதிரி. ஒரு கண்டை எடுத்துக் கடலுக்கு நேரே பிடித்தான்.

“இது நீலம். அது நீலம். இதுல உனக்கு என்னப்பா கஷ்டம்?”

“இதுவும் நீலமில்ல, அதுவும் நீலமில்ல. ரெண்டும் பாசி” என்றேன்.

“பாசி உன் மூளையிலதான் பிடிச்சிருக்கு!” என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இவனெல்லாம் ஒரு நெசவாளன்!

அதற்கு முன்னாலேயே என் மரியாதைக்கு ஓர் அடி விழுந்திருந்தது. ஜூனில் இங்கே ஒரு கல்யாணம். அபர்டீன் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் மாமா வந்திருந்தார், கருநீலமும் கரும்பச்சையுமாக ஒரு கில்ட் பாவாடை கட்டிக்கொண்டு. அந்தக் கட்டத்தில் ஓடுகிற மெல்லிய கோடு மஞ்சளாயிருந்தால் கோர்டன், வெள்ளையாயிருந்தால் ஃபோர்ப்ஸ். வெயிலில் கோடு வெண்ணெய்போல மஞ்சளாக மின்னுகிறது. “வாங்க வாங்க, மிஸ்டர் கோர்டன்!” என்று சபையறியக் கையை நீட்டினேன். “என் பேரு ஃபோர்ப்ஸ்” என்றார் அவர். அதோடு வாயை மூடியிருக்கலாம். “அப்ப யாரோ உங்க தலையில தப்பான துணியக் கட்டிட்டாங்க, ஐயா” என்றேன். அந்த இரண்டு குடும்பமும் ஒரு காலத்தில் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்தவை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மனிதர் கேக்கைத் தொடாமல் அடுத்த படகில் ஏறிவிட்டார்.

சரி, டூகல் இல்லாவிட்டால் என்ன, நானே சாயம் காய்ச்சுகிறேன் என்று மலையில் ஹெதர் செடியைப் பறித்து வந்து, ரோனாவின் பெரிய சூப்புப் பானையில் நூலோடு போட்டுக் கொதிக்கவைத்துக் கொடியில் தொங்கவிட்டேன். அதே கொடியில் தேவாலயத்து வெள்ளை மேஜைவிரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தது என் தப்பா? காற்றடித்தது என் தப்பா? ரோனா ஓடி வந்தாள்.

“அடப்பாவி மனுஷா! பாரு, அத்தனையும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிடுச்சு! பாதிரியாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

நான் ஒவ்வொரு விரிப்பாக எடுத்து நிதானமாகப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா, ஒரு கறையும் இல்லை. “எப்பவும் போலத்தானே இருக்கு ரோனா?” என்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். பாசிக்கு ஒரே ஒரு கை, அது என்னுடையது. நீலத்துக்கு ஊரே தூக்கியது, முன்வரிசையில் ரோனாவும் தூக்கினாள். ராஜினாமா என்று கத்திவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக வெளியேறினேன். பாதி வழியில் பையில் கைவிட்டால் உதட்டுச்சாயம். யாருடைய கோட்டோ. இப்போது ரோனா என்னை ஓபானுக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். போகத்தான் போகிறேன். என் கண் பழுதில்லை என்று டாக்டர் கையால் எழுதி வாங்கி, கமிட்டியின் சுவரில் ஒட்டுவதற்காகவே போகிறேன். நீயும் எழுது அக்கா. பிறந்ததிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அந்தத் தண்ணீரில் குளித்தவள் நீ. உன் சொல்லை யார் மறுப்பார்கள்?

தங்களையும் அத்தானையும் பிள்ளைகளையும் ஆண்டவன் குளிர் அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
நியாயம் தன் பக்கம் இருக்கும்
தங்கள் தம்பி ஆர்ச்சிபால்ட்.

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து, இந்தக் கடிதம் அலமாரியிலேயே கிடந்துவிட்டது. கிழித்துப்போட மனமில்லை, இவ்வளவு எழுதியாயிற்று. எனக்குக் கண்புரையாம். டீச்சாய நிறத்தில் முற்றிப்போய் இரண்டு கண்ணிலும் இருந்ததாம். வலது கண்ணுக்கு அறுவை ஆகிவிட்டது. கட்டவிழ்த்து, படகில் திரும்பி வந்து, துறையில் இறங்கிக் கடலைப் பார்த்தேன். அக்கா, நீலம். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். டூகல் வந்து பக்கத்தில் நின்றான். “என்னப்பா நிறம் அது?” என்றான் மெதுவாக. “நீலம்தான். ஆனா உன் நூல்ல இருக்கிற நீலம் இது இல்ல, உன்னுது ரொம்ப வெளிறல்” என்றேன். மறுபடியும் பேச்சு இல்லை. எனவே கமிட்டிக்கு நீ எழுத வேண்டியது, அவன் சொல்வதைவிட நீலம் என்று.

இடது கண் இன்னும் பழையபடிதான். வலதை மூடினால் பழைய மாலை, இடதை மூடினால் புது உலகம். சாயங்காலமெல்லாம் மாற்றி மாற்றி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று அப்படியே ரோனாவைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. வைக்கோல் நிறம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! “இது எப்ப ஆச்சு?” என்றேன். அவள் பின்னலை நிறுத்தவில்லை. “அது ஆகி வருஷக்கணக்காச்சு. இந்தா பாரு ஆர்ச்சி, அந்த டாக்டர்கிட்ட சொல்லு, இன்னொரு கண்ண அப்படியே விட்டுடச் சொல்லு” என்றாள்.