எஸ்ஸெட்டும் இரண்டு எஸ்ஸும்

துறைமுகத் தெரு,
புதன்கிழமை காலை

மதிப்பிற்குரிய ஃபோல்கெர்ட் அண்ணனுக்கு,

மொயின், வணக்கம். தாங்கள் நலமாகவே இருப்பீர்கள். தெருக்கோடியில் உங்கள் கறுப்பு வண்டி தினமும் பளபளவென்று கழுவி நிற்பதைப் பார்க்கிறேன். இங்கே நானும் என் மனைவி வீப்கேயும் உயிரோடுதான் இருக்கிறோம். சவ அடக்கம் செய்யும் உங்களுக்கு இதில் வருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எட்டு வருடமாக நாம் பேசிக்கொள்ளாததால் பெரியப்பா மகன் என்ற உரிமையை ஒதுக்கிவைத்து ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன்.

சண்டையை நான் கிளறவில்லை. அத்தையின் மரண அறிவிப்பில் நம் குடும்பப் பெயரை நீங்கள்தான் உங்கள் வழக்கப்படி அச்சடித்தீர்கள். தாத்தா ஃபோஸ் என்று எழுதும்போது கடைசியில் எஸ்ஸெட் போடுவார், பி எழுத்துக்கு வால் முளைத்ததுபோல் நிற்குமே, அந்த ஒற்றை எழுத்து. பெரியப்பா பிறந்ததைப் பதிவு செய்த எழுத்தர் சோம்பல்பட்டு இரண்டு எஸ் அடித்துவிட்டார். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். எழுதினால்தான் வெட்டுக்குத்து. இந்தக் கடிதத்தின் உறைமேலும் உங்கள் பெயரை எஸ்ஸெட் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுக் கொதியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். நான் ஓய்வு நேரத்தில் ஒரு கணினி நிரல் நூலகத்தைப் பராமரிப்பது உங்களுக்குத் தெரியும் (நூலகம் என்று வீப்கே சொல்லப்போய், பக்கத்து வீட்டார் சமையல் புத்தகம் கேட்டு வந்தார்கள்). மற்றவர்கள் எழுதும் நிரல்கள் இணையப் பெயர்களை என் நூலகத்திடம் கொடுக்கும். அது பெரிய எழுத்தைச் சிறிதாக்கி, கடைசியில் தொங்கும் புள்ளியைக் கிள்ளி, புள்ளிக்குப் புள்ளி துண்டு போட்டு, நம் ஊர் விசேஷ எழுத்துகளைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும். பழைய விதிப்படி எஸ்ஸெட்டைப் பார்த்தால் இரண்டு எஸ்ஸாக்கிவிட வேண்டும். விதி மாறிப் பல வருடமாகிறது. இரண்டும் வேறு வேறு பெயர்கள், தொடாதே என்பது புது விதி. மூன்று வருடம் முன்பு ஃபின்லாந்திலிருந்து டூலிக்கி என்றொரு பெண் இதையே புகாராக எழுதினாள். “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று பதில் போட்டுப் புகாரை மூடியவன் நான்தான். ஆம், எஸ்ஸெட்டுக்காக உங்களோடு எட்டு வருடம் பேசாதிருந்த நானேதான். சிரிக்க வேண்டாம்.

இந்த வசந்தத்தில் நம் ஊர்க் கடைகளுக்கான இணைய ஆர்டர் பக்கம் என் நூலகத்தை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து வீப்கேயின் கேக் கடைக்கு ஒரு மின்னஞ்சலும் இல்லை. ஊரே இனிப்பை விட்டுவிட்டது என்று நினைத்தோம். போன வாரம் பள்ளி ஆசிரியர் கார்ஸ்டென் கடைக்குள் வந்து கத்தினார்.

“என்னங்க நடக்குது இங்க? பொண்டாட்டி பிறந்தநாளுக்குக் கேக் கேட்டா, ‘ஆழ்ந்த அனுதாபங்கள், அன்னாருக்கு வயது என்ன’ன்னு பதில் வருது! மெழுகுவர்த்திக்குக் கேக்குறீங்கன்னு நாற்பதுன்னு எழுதினேன். ‘தூக்க எத்தனை பேர் வேணும்?’னு அடுத்த கேள்வி!”

“நீங்க என்ன எழுதினீங்க?” என்றாள் வீப்கே.

“அவளே தூக்கிக்குவான்னு எழுதினேன்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் இரண்டு கடைகளின் இணையப் பெயரும் ஃபோஸ்தான், எங்களுடையதில் எஸ்ஸெட், உங்களுடையதில் இரண்டு எஸ். எங்களுக்கு வந்ததெல்லாம் உங்கள் கணினிக்குப் போகிறது, அது தானாகவே துக்கம் விசாரிக்கிறது. நூலகத்திடம் நம் இரண்டு கடைப் பெயர்களையும் கொடுத்து, இவை ஒன்றா வேறா என்று சோதித்தேன். ஒன்றே என்றது. ஒன்பது தரம் கேட்டேன், ஒன்பது தரமும் அதே பதில்.

இதிலும் பெரிய தலைவலி சனிக்கிழமை. யெஸ்ஸன் வீட்டுக் கல்யாணம், மூன்றடுக்கு கேக், நூற்றிருபது பேர். நேற்று பெண்ணின் அம்மா கடைக்கு வந்தார். “மெயில்ல எல்லாம் விவரமா எழுதிட்டோம், அந்த அலர்ஜி சமாச்சாரம் முக்கியம், படிச்சீங்கல்ல?” என்றார். என் மனைவி வெட்கத்தில், “படிச்சோம், படிச்சோம்” என்று சொல்லிவிட்டாள். என்ன அலர்ஜி? யாருக்கு? பாலா, முட்டையா, கொட்டையா? “இன்னொரு தடவை போய்க் கேட்டா என் மூஞ்சிய எங்க வெச்சுக்குறது?” என்கிறாள். கேட்காமல் செய்து, யாராவது மூச்சுத் திணறி விழுந்தால், அந்த ஆர்டரும் உனக்குத்தானே வரும்! மன்னிக்கவும், உங்களுக்கு.

நான்கு மாதமாக அடுத்தவன் கேக் ஆர்டர்களைச் சவப்பெட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தீர்களே, இது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா? நாளை மதியத்துக்குள் அத்தனையும் என் கையில் வந்தாக வேண்டும். இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் என் முகத்தில் விழிக்க வேண்டாம். என் அடக்கத்தைக்கூடப் பக்கத்து ஊர்க்காரரிடம் கொடுத்துவிடுவேன்.

அண்ணிக்கு வணக்கம். உங்கள் முதுகுவலி குணமாகட்டும்.

இப்படிக்கு,
ஆன்ஸ்கார் ஃபோஸ் (எஸ்ஸெட்)

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிவிட்டு வெளியே வந்தால், கடைத் தபால்பெட்டியில் கறுப்புக் கரை போட்ட உறை ஒன்று கிடந்தது. யாரோ போய்விட்டார்கள் என்று பயந்துபோய்ப் பிரித்தேன். பதினோரு ஆர்டர்கள், எல்லாம் உன் கையெழுத்தில். யெஸ்ஸன் தாளில் ‘மாப்பிள்ளைக்கு ஹேசல் கொட்டை ஆகாது’ என்று இரண்டு கோடு இழுத்திருக்கிறாய். ‘அனுதாபம் சொல்வது மிஷின், நானல்ல. ஆர்டர்கள் வந்து குவிவதை நேற்றுத்தான் பார்த்தேன்’ என்று ஓரத்தில் ஒரு வரி. வீப்கே உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். எங்கள் பெயரை எஸ்ஸெட் போட்டு எழுதியிருந்தாய் அண்ணா. உன் பழக்கமில்லாத கை, வால் கொஞ்சம் கோணல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டூலிக்கிக்கு மன்னிப்பு எழுதி, நூலகத்தைத் திருத்திவிட்டேன். இனிமேல் எங்கள் ஆர்டர் ஒன்றுகூட உனக்கு வராது, இந்தப் பக்கம் வர உனக்குச் சாக்கும் இருக்காது. அதனால் சும்மாவே வா, ஞாயிறு நாலு மணிக்கு, காபிக்கு. இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், “அவரும் கொஞ்சம் சிரிக்கட்டுமே” என்று வீப்கே விடவில்லை. கிழித்தது உறையை மட்டும். புது உறையில் உன் பெயருக்கு இரண்டு எஸ் போட்டிருக்கிறேன்.