ஒரே ஒரு லைல் அட்டை

அன்புள்ள தம்பி லைலுக்கு,

அண்ணன் மெர்ல் எழுதிக்கொண்டது. இங்கே அயோவாவில் நானும் உன் அண்ணி வெர்லாவும் சுகம், என் முட்டி மட்டும் சுகமில்லை. அரிசோனா வெயிலில் நீயும் உன் வீட்டாரும் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். சோளம் நன்றாக வந்திருக்கிறது. விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்துவிட்டேன்.

ஒன்பது வருடமாக நீ ஆகஸ்ட் மாதக் குடும்பக் கூட்டத்துக்கு வருவதில்லை. காரணம் நம் இருவருக்கும் தெரியும். அன்றைய பேஸ்பால் ஆட்டத்தில் நான் அம்பயர். நீ கடைசி ஓட்டத்துக்காக ஓடி வந்து, ஓட்டம் முடியும் ஹோம் பிளேட்டாகப் போட்டிருந்த தீவனச் சாக்கின் மேல் சறுக்கினாய். அங்கே காத்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் டாயில் பந்தைப் பிடித்து உன்னைத் தொட்டான். உன் கால் சாக்கில் படும் முன்பே தொட்டுவிட்டான் என்று நான் அவுட் கொடுத்தேன். நீ உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தைக்கூட எடுக்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசப் போவதில்லை. அவுட் அவுட்தான்.

சொல்ல வந்தது வேறு. இந்த வருடம் நம் குடும்பத்தார் எல்லாரையும் வைத்து வீட்டிலேயே பேஸ்பால் அட்டை செய்தேன். முன்னால் ஆளின் படம், பின்னால் எத்தனை ஆட்டம், எத்தனை ஓட்டம் என்ற விவரம். கடையில் சூயிங்கத்தோடு விற்கும் ஆட்டக்காரர் அட்டை மாதிரியே இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். முதலில் அச்சு இயந்திரத்தில் சிவப்பு மை தீர்ந்துபோய்ப் பாதிக் குடும்பம் பச்சையாக வந்தது, சரி என்று மை வாங்கிப் போட்டு மறுபடி அடித்து, காலை உணவு டப்பாக்களைப் பிரித்து அதன் மேல் ஒட்டினால் பசை காய்ந்ததும் எல்லாரும் சுருண்டுகொண்டார்கள், அகராதியை மேலே வைத்து நிமிர்த்தி, வெட்டுவதற்கு வேறொன்றும் கிடைக்காமல் வெர்லா துணி வெட்டும் உருளைக் கத்தியை எடுத்தேன், துணிக் கத்தியைக் காகிதத்தில் வைப்பது விவாகரத்துக்குச் சமம் என்பது நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய பிறகும் எனக்குத் தெரியவில்லை, அவள் இரண்டு நாள் பேசவில்லை, அந்த அமைதியில் வாசலில் வைத்து வார்னிஷ் அடித்தேன், ஆர்வில் சித்தப்பாவின் மூக்கில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு அப்படியே காய்ந்துவிட்டது.

ஆளுக்குப் பன்னிரண்டு பிரதி. கலந்து, பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு சூயிங்கமும் வைத்துக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்பே சந்தை கூடிவிட்டது. சொந்தக்காரர்களைச் சொந்தக்காரர்களே கூவி மாற்றினார்கள். வெர்லா நேராக என்னிடம் வந்தாள்.

"என்னையக் குடுத்து ஆர்வில்ல வாங்குனியாமே?"

"கொசு ஒட்டுன ஆர்வில், வெர்லா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப ராத்திரிச் சாப்பாட்டையும் அந்தக் கொசுவையே போடச் சொல்லு."

இனி உன் விஷயம். வராதவனுக்கு எதற்குப் பன்னிரண்டு என்று உன்னை ஒன்றே ஒன்றுதான் அடித்தேன், அதுவும் எனக்காக. அன்றைய ஆட்டத்தில் எடுத்த படம், ஆர்டித் அத்தையின் செருப்புப் பெட்டியில் கிடைத்தது. அந்த அட்டை எப்படியோ ஒரு கட்டுக்குள் கலந்து, அத்தை கைக்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு நடந்த அடிதடியை நீ பார்த்திருக்க வேண்டும். டாயில் தன் மொத்தக் கட்டையும், பெண்டாட்டி அட்டை உட்பட, நீட்டினான். அத்தை மசியவில்லை.

"எண்பத்து நாலு வயசுல எனக்குன்னு ஒரு பொருள் வேணாமாடா? போடா அந்தப் பக்கம்."

வராமல் இருந்து இருந்து உன் மதிப்பு ஏறியிருக்கிறது, லைல். அபூர்வமானதற்குத்தான் கிராக்கி, அவ்வளவுதான். இதற்காகக் கர்வப்படாதே. அடுத்த ஆகஸ்டில் வா. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவுட் என்று வாயால் ஒப்புக்கொண்டால் போதும்.

உன் வீட்டு ஏசி ஓயாமல் ஓடட்டும், உன் முட்டியாவது நன்றாக இருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அண்ணன் மெர்ல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆர்டித் அத்தை அட்டையும் பூதக்கண்ணாடியுமாக வந்தாள்.

"டேய் மெர்ல், இதுல அவன் காலு எங்க இருக்கு, பந்து எங்க இருக்கு, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். கால் சாக்கின் மேல் இருக்கிறது. பந்து டாயில் கைக்கு ஒரு முழம் முன்னால், காற்றில் இருக்கிறது.

"எல்லாரும் இதுக்குத்தான் அடிச்சுக்கிட்டாங்க. டாயில் கையில கெடச்சிருந்தா அன்னிக்கே அடுப்புல போட்டிருப்பான். நீ என்னடா நெனச்சே?"

நான் நினைத்ததை அத்தையிடம் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கியதும் நான்தான், வெட்டி ஒட்டியதும் நான்தான். அத்தனை நேரமும் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், லைல். ஒன்பது வருடமாகப் பார்க்காத முகம். காலைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

நீ சேஃப், அவுட் இல்லை. அட்டை இத்துடன் வருகிறது, அத்தையே கொடுத்துவிட்டாள். பின்பக்கம் ஓட்டம் 11 என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து 12 ஆக்கி, அம்பயர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாலட் கிண்ணத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்கொள்.